பின்னாடி ஆடுதா தாத்தா புல்லட்? ஷாக்கை மாற்றும் முன் இதைப் பாருங்க!

பழைய வண்டி... புது ஓட்டம்! - வாரப் பகுதி

கிருஷ்ணன்கோவிலில் மெயின் ரோட்டை விட்டு வத்திராயிருப்பு பக்கம் திரும்பினால், மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இரண்டு பக்கமும் தென்னை, வயல், கண்மாய். வத்திராயிருப்பை ஒட்டி வ. புதுப்பட்டி. இன்ஸ்டாகிராமில் தமிழ்நாடே பேசிய கூமாபட்டியும் இதே வட்டாரம்தான். சதுரகிரி அமாவாசைக் கூட்டம் போய் வருவதும் இந்தப் பக்கம்தான்.

இந்த மாதிரி ஊர்களில் பழைய மோட்டார் பைக் என்பது கண்காட்சிப் பொருள் இல்லை. காலையில் தோப்புக்குப் போகும், மதியம் உர மூட்டை ஏற்றி வரும், சாயங்காலம் குடும்பத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போகும். தாத்தா வாங்கிய புல்லட், அப்பா ஓட்டிய ராஜ்தூத், சித்தப்பாவின் யெஸ்டி என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு கதை இருக்கும்.

அந்த வண்டிகளில் ஒரு கோளாறு மட்டும் எப்போதும் ஓட்டுபவருக்குக் கடைசியில்தான் தெரியவரும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

"என்னங்க, வளைவுல திரும்பும்போது பின்னாடி வழுக்குற மாதிரி இருக்கு."

"பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும். கம்பியைப் பிடிச்சுக்கோ."

பல வீடுகளில் பேச்சு இதோடு முடிந்துவிடுகிறது. பின்னால் இருப்பவர் சொன்னதுதான் சரி. அந்த 'வழுக்கல்' வயதால் வருவது இல்லை. பெரும்பாலும் விரல் நீளம்கூட இல்லாத ஒரு புஷ் தேய்ந்ததால் வருவது. அதைக் கவனிக்காமல் விட்டால் மண் கிடக்கும் வளைவிலோ, எதிரே பஸ் வரும்போது பிரேக் பிடிக்கும் நேரத்திலோ வண்டி கையை மீறிப் போகலாம். கீழே விழுந்தால் பின்னால் இருப்பவருக்கும் அடிபடலாம்.

சக்கரத்துக்கு ஒரு கீல்

ஒரு காலத்தில் மோட்டார் பைக்குகளுக்குப் பின்பக்க சஸ்பென்ஷனே கிடையாது. பின்சக்கரம் ஃப்ரேமோடு நேராக இறுக்கப்பட்டிருக்கும். ஓட்டுபவருக்கு சீட்டின் அடியில் ஸ்பிரிங் உண்டு. பின்னால் இருப்பவருக்கு முதுகெலும்புதான் ஸ்பிரிங்!

இதை மாற்றப் பலரும் பல வழிகளில் முயன்றார்கள். இங்கிலாந்தின் பிலிப் வின்சென்ட் 1928-லேயே பின்சக்கரத்துக்கு ஆடும் ஃப்ரேமுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த ஜாவா 'பெராக்' வண்டியில், பின் அச்சின் இரண்டு பக்கமும் குழாய்க்குள் ஸ்பிரிங் வைத்து மேலும் கீழும் நகரும்படி செய்திருந்தார்கள். 'பிளஞ்சர்' என்று அதற்குப் பெயர். டிரையம்ஃப் கம்பெனியோ ஸ்பிரிங்கைச் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே அடைத்துவிட்டது.

ராயல் என்ஃபீல்டு வேறு வழியில் போனது. சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கைகளையும் ஒரே சட்டமாக்கி, அதன் முன்முனையை ஃப்ரேமில் கீல் மாதிரி மாட்டி, பின்முனையை இரண்டு ஷாக் அப்சார்பர்களில் தொங்கவிட்டது. இதுதான் ஸ்விங் ஆர்ம். 1948 பிப்ரவரியில் புது புல்லட்டின் முன்மாதிரிகள் இங்கிலாந்தில் ஒரு டிரயல்ஸ் போட்டியில் இறங்கின. கரடுமுரடான பாதையில் ஆடும் சக்கரம் பிடிமானம் தராது என்று அப்போது பலர் நம்பினார்கள். அதே வருஷம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், புல்லட் ஓட்டிய சார்லி ரோஜர்ஸும் விக் பிரிட்டனும் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். சந்தேகம் தீர்ந்தது. 1949-ல் புல்லட் விற்பனைக்கு வந்தது.

1950-களின் முதல் பாதியில் இந்திய ராணுவம் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் ஆலை வந்தது. இங்கிலாந்து தயாரிப்பு நின்றுபோன பிறகும், இங்கே பல பத்தாண்டுகள் அதே அடிப்படை வடிவத்தில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை வந்தது. எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத்தும் அதே காலத்தில் வந்ததுதான். இவை எல்லாவற்றிலும் பின்பக்கம் இருப்பது ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக்கும்தான். அதனால், கீழே சொல்லப்போகும் சோதனை இந்தப் பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் புரிந்துவிடும். வீட்டுக் கதவின் கீலில் நூல் அளவு தேய்மானம் இருந்தால், கதவின் மறுமுனை விரல் அளவு தொங்கிவிடும் அல்லவா? ஸ்விங் ஆர்மும் அப்படித்தான். முன்முனையில் உள்ள புஷ்ஷில் கொஞ்சம் ஆட்டம் வந்தால், சக்கரம் இருக்கும் மறுமுனையில் அது பெருகிவிடும். வளைவில் நாம் ஹேண்டிலைத் திருப்பாமலே பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்குக் கொஞ்சம் திரும்பும். 'வழுக்குற மாதிரி' என்று பின்னால் இருந்து வரும் குரலுக்கு அதுதான் காரணம்.

ஷாக் வாங்குவதற்கு முன் பத்து நிமிஷம்

வண்டி ஆடுகிறது என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, கடைக்குப் போய்ப் பளபளப்பான புது ஷாக் இரண்டு வாங்கி மாட்டுவது. காசு போகும், ஆட்டம் போகாது. வீட்டு வாசலிலேயே இதைச் சோதித்துவிடலாம். உதவிக்கு ஒருவர் இருந்தால் போதும்.

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்துங்கள். உதவியாளர் வண்டியின் முன்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது சக்கரத்தைத் தொடாமல், அச்சுக்குப் பக்கத்தில் ஸ்விங் ஆர்மின் முனையைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஸ்விங் ஆர்மும் ஃப்ரேமும் சேரும் இடத்தில் வையுங்கள். அங்கே 'டக்' என்று ஓர் அசைவு விரலுக்குத் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது.

ஸ்விங் ஆர்ம் அசையவில்லை, ஆனால் சக்கரத்தின் மேல்விளிம்பைப் பிடித்து ஆட்டினால் சக்கரம் மட்டும் ஆடுகிறதா? அது வீல் பேரிங். இரண்டும் சரியா? அடுத்து ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒலிக்காமல் 'டொப்' என்று மழுங்கலாகக் கேட்டால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது.

அடுத்தது ஷாக். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பின்சீட்டை இரண்டு கையாலும் பலமாக அழுத்தி விடுங்கள். நல்ல ஷாக் ஒரு தடவை எழுந்து நின்றுவிடும். மேலும் கீழும் இரண்டு மூன்று முறை குதித்தால் உள்ளே எண்ணெய் வேலை செய்யவில்லை. அழுத்தும்போது 'கட கட' சத்தம் மட்டும் வந்தால், ஷாக்கின் மேல் கண்ணிலும் கீழ்க் கண்ணிலும் உள்ள ரப்பர் புஷ்கள் உதிர்ந்திருக்கலாம். இருப்பதிலேயே குறைந்த செலவு அதற்குத்தான்.

கடைசியாக, இரண்டு ஷாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடுங்கள். ஒருபக்க ஸ்பிரிங் மட்டும் குறுகியிருக்கிறதா? தேங்காய் மூட்டையையோ பால் கேனையோ எப்போதும் ஒரே பக்கம் தொங்கவிட்டு ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும். ஸ்பிரிங்கை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

புஷ் மாற்றும்போது கண் கொத்திப் பாம்பாக...

புஷ் சின்னதுதான், ஆனால் அதை மாற்றப் பின்பக்கத்தையே பிரிக்க வேண்டும். சக்கரம், செயின், செயின் கவர், ஷாக்கின் கீழ் போல்ட்டுகள், கடைசியில் ஸ்விங் ஆர்மின் குறுக்கே போகும் ஸ்பிண்டில். இந்த ஸ்பிண்டில்தான் பல பட்டறைகளில் பொறுமையைச் சோதிக்கும். வயல் சேறும் மழைத் தண்ணீரும் இறங்கி, வருஷக்கணக்கில் துருப்பிடித்து உறைந்திருக்கும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஒருநாள் ராத்திரி ஊறவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். முனையில் ஒரு நட்டை மாட்டி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுவதுதான் முறை.

பழைய வண்டிகளில் இரண்டு வகை புஷ் உண்டு. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று தெரியாமல் வேலை செய்தால் புதுப் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடும்.

முதல் வகை, கன்மெட்டல் மாதிரியான உலோக புஷ். இதற்குள் ஸ்பிண்டிலோ, அதன் மேல் உள்ள குழாயோ சுழலும். இதற்கு கிரீஸ் கட்டாயம். புது புஷ்ஷை இறுக்கி ஏற்றும்போது அதன் உள்விட்டம் லேசாகச் சுருங்கும். அதனால் ஏற்றிய பிறகு ரீமர் போட்டு அளவைச் சரிசெய்ய வேண்டும். பஞ்சாலை ஊரான ராஜபாளையத்தில் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஸ்விங் ஆர்மையும் ஸ்பிண்டிலையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போங்கள். புஷ்ஷை மட்டும் கொடுத்தால் அளவு ஒத்துப்போகாது.

ஸ்பிண்டில் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். எங்காவது படிக்கட்டு மாதிரி தட்டினால் அதுவும் தேய்ந்துவிட்டது. தேய்ந்த ஸ்பிண்டிலில் புது புஷ் போடுவது, உளுத்துப்போன நிலையில் புதுக் கதவை மாட்டுவது மாதிரி. கொஞ்ச நாளில் பழைய ஆட்டம் திரும்பி வரும்.

இரண்டாவது வகை, ரப்பர் வைத்த சைலன்ட்பிளாக் புஷ். வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். இங்கே எதுவும் சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். இதற்கு கிரீஸும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். இரண்டும் ரப்பரைக் கெடுத்துவிடும்.

இந்த வகையில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போதே, சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்பிண்டில் நட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். அப்போது ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஆள் உட்கார்ந்ததும் அது நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சீக்கிரம் கிழிந்துவிடும். நட்டைக் கையிறுக்கமாக வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவரை சீட்டில் உட்காரவைத்து, அதன் பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலைதான், புஷ்ஷின் ஆயுள் இதில்தான் இருக்கிறது.

ஸ்விங் ஆர்மைக் கழற்றிய கையோடு அது நேராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். புஷ் துளையில் ஒரு நேர்க்கம்பி, அச்சு மாட்டும் இடத்தில் ஒரு நேர்க்கம்பி செருகி, சமதளத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இணையாக இருக்க வேண்டும். வெல்டிங் இணைப்புகளைத் துடைத்துவிட்டு, மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இருந்தால் மேலோட்டமாக ஒரு ஒட்டு வெல்டிங் போட்டு ஓட்டுவது ஆபத்து. குடும்பத்தோடு போகும் வண்டி என்றால் நல்ல ஸ்விங் ஆர்ம் தேடி மாட்டுவதே சரி.

ஷாக்குக்குள் என்ன இருக்கிறது?

ஷாக்கில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது குதிக்காமல் அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னத் துளை வழியாக மருந்து போக வேண்டும் என்பதால் வேகமாக அழுத்த முடியாது. ஷாக்கிலும் சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் போய் வருவதால் ஸ்பிரிங்கின் துள்ளல் அடங்குகிறது. பள்ளத்தில் விழுந்த வேகம் எண்ணெயின் சூடாக மாறிப் போய்விடுகிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் ஸ்பிரிங். வண்டி துள்ளும், துள்ளும் நேரத்தில் டயர் தரையை விடும், தரையை விட்ட டயருக்கு பிரேக் பிடிக்காது.

பழைய ஷாக்குகளில் சில, மேல்மூடியைத் திருகிக் கழற்றிப் பழுது பார்க்கும்படி செய்யப்பட்டவை. இவற்றில் ஆயில் சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றிப் பல வருஷம் ஓட்டலாம். ஆனால் உள்ளே போய் வரும் தண்டைப் பாருங்கள். அதன் குரோம் பூச்சில் துருப்புள்ளி இருந்தால், அது புது சீலையும் அறுத்துவிடும். முதலில் தண்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் மறுபடி குரோம் பூச வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் 'கண்ணளவு' கூடாது. ஷாக்குக்கான ஹைட்ராலிக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும், என்ஜின் ஆயில் சரிப்படாது. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவை அளவு குவளையில் அளந்து, இரண்டு பக்கமும் சமமாக ஊற்ற வேண்டும். மூடுவதற்கு முன் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, தண்டை மெதுவாகப் பலமுறை இழுத்து அழுத்தினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ஒன்று, மாட்டியிருக்கும் ஸ்பிரிங் சும்மா இருப்பது மாதிரி தெரியும், ஆனால் அது அழுத்தப்பட்டுத்தான் நிற்கிறது. அதற்கான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் பிடியைக் கழற்றினால் முகத்தில் பாய்ந்துவிடும். இரண்டு, இப்போது கடையில் வரும் கேஸ் ஷாக்குகளில் நைட்ரஜன் அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். அதை ஒருபோதும் துளையிடவோ அறுக்கவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. ஓரம் மடித்து முழுசாக மூடிய ஷாக் ஒழுகினால், ஜோடியாக மாற்றுவதுதான் வழி.

எதை மாற்றலாம், எதைக் காப்பாற்றலாம்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதும் உண்டு. புது கேஸ் ஷாக் போட்டால் பயணம் சொகுசு. ஆனால் தாத்தா ஓட்டிய வண்டி மாதிரி இருக்காதே!

சட்டமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ₹20,000. 10 வருஷம் செல்லும். புதுப்பிக்க ₹5,000. ஆனால் சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். இன்னொன்று, அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, பழுது பார்ப்பது போன்ற காரணங்களுக்கு மட்டுமே சாலையில் வரலாம்.

ஆகவே, தினமும் தோப்புக்குப் போகும் வண்டி என்றால் வழக்கமான பதிவிலேயே வைத்திருப்பது நல்லது. 15 வருஷம் முடிந்த பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு முன் மேலே சொன்ன சோதனைகளைச் செய்துவிட்டால் மனசு நிம்மதி.

எந்தப் பதிவாக இருந்தாலும் ஒரு கணக்கு உதவும். தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை புஷ், ரப்பர், சீல், எண்ணெய். இவற்றைத் தயங்காமல் மாற்றலாம், வண்டியின் பழமை குறையாது. ஸ்விங் ஆர்ம், ஷாக்கின் உறை, ஸ்பிரிங் மூடி போன்றவை வண்டியின் முகம். முடிந்தவரை பழுது பார்த்து வைத்திருக்கலாம். நவீன ஷாக் மாட்ட முடிவு செய்தாலும் பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் எண்ணெய் பூசிப் பரணில் வையுங்கள். ஃப்ரேமை அறுத்து, வெல்டிங் வைத்து மாற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைத் திரும்பப் பழையபடி ஆக்க முடியாது.

மறக்காமல் செய்ய வேண்டியவை

* கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டி என்றால் அழுக்கு கிரீஸ் வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் விட்ட பிறகும், மழைக்காலம் முடிந்த பிறகும் இது கட்டாயம்.

* வாட்டர் சர்வீஸில் தண்ணீர்த் துப்பாக்கியை ஸ்விங் ஆர்ம் முனைக்கும் ஷாக் சீலுக்கும் நேராகக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

* ஷாக்கில் பாரத்துக்கு ஏற்ப மாற்றும் திருகு இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். பின்னால் ஆள் ஏறும்போது ஒரு படி கூட்டலாம்.

* பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், செயின் அட்ஜஸ்டரின் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். பின் டயரிலிருந்து முன் டயர்வரை இரண்டு பக்கமும் நூல் கட்டிப் பார்த்தால் சக்கரம் நேராக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

* மூட்டையை இரண்டு பக்கமும் சமமாக ஏற்றுங்கள்.

வேலை முடிந்ததும் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "சரியாயிருச்சு"ன்னு சொல்வார். அதோடு விட்டுவிட வேண்டாம். கோளாறை முதலில் சொன்னவரையே பின்னால் உட்காரவைத்து, அவர் பயந்த அதே வளைவுக்கு மெதுவாக ஒரு தடவை போய் வாருங்கள். அவர் கம்பியைப் பிடிக்காமல் பேசிக்கொண்டே வந்தார் என்றால் வண்டி சரியாகிவிட்டது.